குக்ஸ் குடாவுக்கு ஜெட் போட் பொருந்துமா? ஒரு குடும்பம் எடுத்த முடிவு

மச்சானின் கொட்டேஜ் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், சிம்கோ ஏரியின் தென்கோடியில், குக்ஸ் பே என்கிற குடாவின் கரையில் இருக்கிறது. ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் ஓட்டம். வாங்கி மூன்று வருடமாகிறது. முதலிரண்டு கோடையும் இரண்டு கயாக்கோடும் இடையிடையே வாடகைக்கு எடுத்த போட்டோடும் கழிந்தன. மூன்றாவது கோடைக்கு முன்பே பிள்ளைகள் பிடிவாதமாக நின்றார்கள். சொந்தமாக ஒரு போட் வேண்டும், அதுவும் விசிறிக்கு (ப்ரொப்பெல்லருக்கு) பதிலாகப் பம்பால் நீரைப் பீய்ச்சி ஓடுகிற ஜெட் போட்தான் வேண்டும் என்று.

அந்த நேரம் பாரி நகரில் ஒருவர் ஏழு வருடப் பழைய ஜெட் போட் ஒன்றை விற்கப் போட்டிருந்தார். 19 அடி நீளம், ஒற்றை எஞ்சின், எட்டுப் பேர் ஏறலாம். பின்பக்கம் இரண்டு படியாக அகன்ற மேடை. தண்ணீரில் கால் தொங்கவிட்டு இருக்க அதைவிட நல்ல இடம் எந்தப் போட்டிலும் கிடையாது. மச்சான் முற்பணம் கொடுக்கத் தயாராகிவிட்டார். தங்கைதான் "அண்ணையிட்ட ஒருக்கால் கேளுங்கோ" என்று தடுத்தாள். நான் வாகன மெக்கானிக். ஆறு கோடைகள் ஒரு மரினாவில், அதாவது போட்டுகளை நிறுத்திப் பராமரிக்கும் துறையில், பகுதிநேரமாக வேலை செய்திருக்கிறேன். ஜெட் பம்புகளைக் கழற்றிப் பூட்டிய அனுபவம் உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் பம்பைவிட ஏரியின் அடித்தளம்தான் எனக்குக் கூடுதலாகக் கற்பித்தது. இதே யோசனையில் இருக்கிற குடும்பங்கள் நம்மவர்களிடையே பல உண்டு என்பதால் நடந்ததை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கொப்பியில் எழுதியது

முந்தைய கோடையில் வாடகைப் போட்டில் போன ஐந்து நாட்களை எல்லோருமாக இருந்து நினைவுபடுத்தினோம். என்ன செய்ய ஆசை என்று நான் கேட்கவில்லை. உண்மையில் என்ன செய்தோம், எவ்வளவு நேரம் செய்தோம் என்றுதான் கேட்டேன். ஆசையைக் கேட்டால் எல்லோரும் வேகத்தைத்தான் சொல்வார்கள்.

ஒரு நாள் வெளியே போனால் ஏறக்குறைய ஆறு மணித்தியாலம். அதில் ரியூப் இழுத்தது (காற்றடித்த ரியூப்பில் பிள்ளைகளை ஏற்றிப் போட்டின் பின்னால் கயிற்றில் இழுப்பது), வேகமாக ஓடியது எல்லாம் சேர்ந்து ஒன்றரை மணித்தியாலத்தைத் தாண்டவில்லை. இரண்டரை மணித்தியாலம் நங்கூரம் போட்டு நீந்தி, சாப்பிட்டுக் கழிந்தது. ஒரு மணித்தியாலம் மெதுவாகக் கரையோரம் ஊர்ந்தது. மிச்சம் ஐயாவின் தூண்டில். ஐயாவுக்கு எழுபத்துநான்கு வயது. பருத்தித்துறையில், பின்புறம் வெளியே தொங்கும் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய வள்ளத்தில் பிழைத்தவர். போட் வாங்குவது பற்றி அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டிருக்கவில்லை. அது எங்கள் தவறு.

ஏறுபவர்கள் ஏழு பேர், ஆறு வயதிலிருந்து எழுபத்துநான்கு வரை. எட்டுப் பேருக்கான போட் போதும்போலத் தெரியும். ஆனால் கனடாவில் ரியூப் இழுக்கும்போது ஓட்டுநரைத் தவிர இன்னொருவர் பின்னால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இழுபடுகிற ஒவ்வொருவருக்கும் போட்டில் வெற்று இருக்கை ஒன்று இருக்க வேண்டும். ஏழு பேர், நாய், குளிர்ப்பெட்டி, ரியூப், நங்கூரம் எல்லாம் ஏறியபின் 19 அடியில் கால் நீட்ட இடமில்லை. இதையும் குறித்துக்கொண்டோம்.

ஜெட் எதற்காகப் பிறந்தது

இதைக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. ஜெட் போட்டுக்கு இன்றைய வடிவத்தைக் கொடுத்தவர் நியூசிலாந்தின் பில் ஹமில்ட்டன். தென் தீவின் மெக்கன்சிப் பகுதியில் ஐரிஷ்மன் கிறீக் என்ற ஆட்டுப் பண்ணை அவருடையது. அங்குள்ள ஆறுகள் பல கிளையாகப் பிரிந்து கூழாங்கல் படுகையின்மேல் முழங்கால் ஆழத்தில் ஓடுபவை. விசிறி பூட்டிய படகு அங்கே உதவாது. 1950களின் நடுவில் அவர், உள்ளே உறிஞ்சிய நீரைப் பின்பக்கம் நீர்மட்டத்துக்கு மேலாகப் பீய்ச்சித் தள்ளும் பம்பைச் செய்து முடித்தார். 1960இல் அவருடைய படகுகள் அமெரிக்காவின் கிராண்ட் கன்யன் வழியே கொலராடோ ஆற்றை எதிர்த்து மேலேறின. அதற்கு முன் எவரும் அதைச் செய்ததில்லை.

இந்தக் கதையிலிருந்துதான் "ஜெட் போட் ஆழமில்லாத தண்ணீருக்கு நல்லது" என்ற பேச்சு வந்தது. டொக் எனப்படும் எங்கள் படகு கட்டும் மேடையை நினைத்து மச்சானும் அதைத்தான் சொன்னார்: "எங்கட டொக்கில தண்ணி குறைவு, அப்ப ஜெட்தானே சரி?"

ஹமில்ட்டனின் படகு ஆழமற்ற இடத்தை வேகமாகக் கடந்து போகிறது. வேகத்தில் படகின் அடி தண்ணீருக்கு மேலே எழும்பி வழுக்கிக்கொண்டு ஓடும். அப்போது அதற்குச் சில அங்குல நீரே போதும். நின்ற இடத்திலிருந்து கிளம்புவது வேறு கதை. நின்றுகொண்டிருக்கும் போட்டில் பம்பின் வாய் அடித்தளத்தைப் பார்த்தபடி இருக்கிறது. எஞ்சினை முடுக்கினால் வீட்டுத் தூசுறிஞ்சி போல மணல், சிறு கல், சிப்பி எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும். பொழுதுபோக்கு ஜெட் போட்டுகளின் கையேடுகள் படகின் அடிக்குக் கீழே குறைந்தது 90 சென்ரிமீற்றர் நீர் இல்லாமல் எஞ்சினை இயக்க வேண்டாம் என்று எச்சரிப்பது இதனால்தான். உள்ளே சுழன்று நீரைத் தள்ளும் இம்பெல்லர் என்ற சக்கரத்துக்கும் அதைச் சுற்றியுள்ள வளையத்துக்கும் இடைவெளி மிக நுண்ணியது, ஒரு மில்லிமீற்றரும் வராது. மணல் அந்த வளையத்தைத் தேய்த்தால் இடைவெளி கூடும். நீர் நழுவும், எஞ்சின் அலறும், போட் நகராது. மரினாவில் நான் மாற்றிய வளையங்களில் பெரும்பாலானவை இப்படி டொக்கடியில் தேய்ந்தவை.

ஐயாவின் அளவுகோல்

இந்தத் தொண்ணூறு சென்ரிமீற்றர் கதையைக் கேட்டதும் ஐயா எழும்பிப் போய் ஒரு நீண்ட அலுமினியக் குழாயை எடுத்துவந்தார். பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு சிவப்பு ரேப் சுற்றினார். மே மாதத்திலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் டொக்கின் நுனியில் குத்திப் பார்த்து கலண்டரில் எழுதினார். மே கடைசியில் ஒரு மீற்றர் இருபது. ஓகஸ்ட் நடுவில் தொண்ணூற்றைந்து. இது நீர்மட்டத்திலிருந்து அளந்தது. போட் தானே ஓரடிக்குச் சற்று மேல் தண்ணீருக்குள் அமிழும். அதைக் கழித்தால் அடிக்குக் கீழே மிஞ்சுவது அறுபது சென்ரிமீற்றர்.

ஐயாவின் குழாய் இன்னொன்றையும் சொன்னது. ஜூலையிலிருந்து ஒவ்வொரு முறையும் அது பச்சைக் குஞ்சத்தோடு மேலே வந்தது. "உங்க பார், சாதாளை" என்றார். ஊரில் கடல் தாவரத்துக்குச் சொல்கிற பெயரை ஏரியில் முளைக்கும் நீர்ப்பூண்டுக்கும் வைத்துவிட்டார்.

சிம்கோ ஏரி பெரியது, 722 சதுர கிலோமீற்றர். பாரி நகருக்குப் பக்கத்துக் கெம்பன்ஃபெல்ட் குடாவில் 41 மீற்றர் ஆழம் வரை போகிறது. ஆனால் தெற்கே குக்ஸ் குடாவில் நிலைமை வேறு. ஹொலண்ட் ஆறு மரக்கறித் தோட்டங்கள் நிறைந்த சதுப்பு நிலத்தைக் கடந்து இந்தக் குடாவில்தான் விழுகிறது. வருகிற பொசுபரசும் வண்டலும் பூண்டுக்கு உரம். வெளியிலிருந்து வந்த யூரேசிய மில்ஃபொயில் என்ற கொடிப் பூண்டும் இங்கே வேரூன்றிவிட்டது. ஏரியைக் காக்க ஒன்ராறியோ அரசு 2008இல் தனிச் சட்டமே இயற்றியது. ஆனாலும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் குடாவின் ஓரங்களில் போட் ஓட்டுபவருக்குப் பூண்டு இன்றைக்கும் தலையிடிதான்.

விசிறியில் பூண்டு சுற்றினால் எஞ்சினை உயர்த்தி, கையால் இழுத்து எறிந்துவிட்டுப் போகலாம். இரண்டு நிமிட வேலை. ஜெட்டில் பூண்டு பம்பின் வாயிலுள்ள கம்பித் தட்டியில் படியும். மெல்லியது உள்ளே போய் இம்பெல்லர் தண்டில் கயிறாக முறுகும். சில போட்டுகளில் பின்மேடையில் ஒரு மூடியைத் திறந்து கைவிட்டு எடுக்கலாம். அது நல்ல ஏற்பாடு. அது இல்லாத போட்டில் தண்ணீரில் இறங்கி அடியில் தடவ வேண்டும்.

சோதனை ஓட்டம்

ஜூலை நடுவில் ஒரு சனிக்கிழமை, விற்பவரின் சம்மதத்தோடு போட்டைக் குடாவுக்கே கொண்டுவரச் செய்தோம். அவர் பாரிப் பக்கம் வந்து பார்க்கச் சொன்னார். நான் மறுத்தேன். அங்கே எல்லா ஜெட் போட்டும் நன்றாகத்தான் ஓடும். எங்கே வைத்திருக்கப் போகிறோமோ அங்கே ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய போட் வாங்குகிற எவருக்கும் இதையே சொல்வேன்.

திறந்த ஏரியில் அது அருமையாக ஓடியது. த்ரொட்டிலைத் தள்ளியதும் உடனே எழும்பிப் பறந்தது. சட்டென்று திரும்பியது. ரியூப்பில் இருந்த பிள்ளைகளின் கத்தல் எஞ்சின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நானும் ஓட்டினேன். நாற்பது வயதுக்கு மேல் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வந்து கனகாலம். அதை மறைக்க விரும்பவில்லை, ஏனென்றால் அதுவும் கணக்கில் சேர வேண்டியது.

சத்தமும் அதே அளவு. சிறிய ஜெட் எஞ்சின்கள் நிமிடத்துக்கு ஏழாயிரம் சுற்றுக்கு மேல் ஓடுபவை. முழு வேகத்தில் பின்னிருக்கையில் இருப்பவரோடு பேச முடியாது. எரிபொருளும் அப்படித்தான். இந்த அளவு எஞ்சின் முழு வேகத்தில் மணித்தியாலத்துக்கு ஐம்பது லீற்றர்வரை குடிக்கும்.

பிறகு டொக்குக்குத் திரும்பினோம். ஒன்ராறியோவில் கரையிலிருந்து 30 மீற்றருக்குள் வந்தால் மணிக்கு 10 கிலோமீற்றர்தான் வேகம். அந்த வேகத்தில் ஜெட் போட்டின் மறுமுகம் தெரிந்தது. அதற்குச் சுக்கான் இல்லை. பின்னால் பீய்ச்சும் நீரைத் திருப்பித்தான் அது திரும்புகிறது. நீர் பாயாவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பி எந்தப் பயனும் இல்லை. மச்சான் பத்து வருடமாக வாடகைக்கு எடுத்ததெல்லாம் விசிறிப் போட். டொக் கிட்ட வந்ததும் பழக்கத்தில் த்ரொட்டிலைக் குறைத்துவிட்டு ஸ்டியரிங்கை வெட்டினார். போட் கேட்கவில்லை. நேரே போய் டொக்கின் மூலையில் இடித்தது. ரப்பர்த் தாங்கி இருந்ததால் கீறலோடு தப்பியது.

"கையை எடுத்தா சுக்கானும் செத்துப்போகுது தம்பி. உது பழகவேணும்" என்றார் ஐயா.

பழகலாம் என்பது உண்மை. இடிக்கப் போகும்போது கொஞ்சம் த்ரொட்டில் கொடுத்துத் திருப்ப வேண்டும்; பயந்த கை அதற்கு நேர்மாறாகச் செய்யும். மெதுவோட்டத்தில் நேராகப் போக உதவும் சிறு துடுப்புகளைப் புதிய போட்டுகளில் பூட்டுகிறார்கள். இந்தப் பழையதில் அவை இல்லை. ஊர்ந்து போகும்போது போட்டின் முன்முனையான அணியம் இடமும் வலமும் அலைந்தது. இருபது நிமிடம் ஐயா தூண்டிலோடு இருந்து பார்த்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டிவிட்டார். மீனைத் தொடர்ந்து மெதுவாக, நேராக, சத்தமில்லாமல் போக வேண்டிய வேலைக்கு இது சரிவராது. மெதுவேகத்தில் ஜெட் எரிபொருளையும் வீணாக்குகிறது. அங்கே விசிறிதான் கெட்டிக்காரன்.

கடைசியாகக் கரையோரம் இன்னொரு சுற்று. பூண்டுப் படுகையை உரசிக்கொண்டு போனோம். சுற்று ஏறியது, வேகம் ஏறவில்லை. எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்து, மூடியைத் திறந்தேன். முழங்கைவரை விட்டு மூன்று பிடி பச்சைப் பூண்டை இழுத்தேன். அந்தப் பிற்பகலில் இரண்டு தடவை இதைச் செய்ய வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை கச்சான் காற்றும் எழும்பியிருந்தது. எஞ்சின் நின்ற போட்டைக் காற்று கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. ஆறு வயது மருமகள் அழத் தொடங்கினாள்.

பாதுகாப்பு பற்றித் தங்கை கேட்டவை

தங்கை ஜெட்டை விரும்பியதற்கு ஒரே காரணம், வெளியே விசிறி இல்லை, பிள்ளைகள் பின்னால் நீந்தினாலும் வெட்டாது என்பது. அந்தக் காரணம் சரியானது. விசிறிக் காயங்களை மரினாவில் கேள்விப்பட்டவன் என்ற முறையில் அதை நான் இலேசாக எடுக்கவில்லை.

ஆனால் அவளிடம் மூன்று விஷயம் சொன்னேன். பெரும்பாலான சிறிய ஜெட் போட்டுகளில் எஞ்சின் ஓடினால் இம்பெல்லரும் சுற்றும். நியூட்ரல் என்பது பின்னால் பீய்ச்சும் நீரை மறிக்கிற வாளி போன்ற மூடி பாதி இறங்கி, நீரை முன்னும் பின்னுமாகப் பிரித்து விடுவதுதான். ஆகவே அடியில் உறிஞ்சல் எப்போதும் உண்டு. நீண்ட தலைமுடி, உயிர்காப்பு அங்கியின் தொங்கும் வார், ரியூப் கயிறு எல்லாம் உள்ளே போகலாம். அடுத்தது, பின்னால் பாயும் நீர். ஓடும் போட்டின் பின்மேடையிலிருந்து சரிந்து விழுபவரின் உடலுக்குள் அந்த அழுத்த நீர் புகுந்து உள்ளுறுப்புகளைக் கிழிக்க முடியும். கையேடுகளில் இந்த எச்சரிக்கை தெளிவாகவே அச்சிடப்பட்டிருக்கிறது, வாசிப்பவர்கள் குறைவு. மூன்றாவது, பின்மேடையில்தான் புகையும் வெளியேறுகிறது. நிறமும் மணமும் இல்லாத காபன்மொனொக்சைட் அதில் உண்டு. எஞ்சின் ஓடும்வரை அந்த அழகான மேடையில் யாரும் இருக்கக் கூடாது. எந்தப் போட்டை வாங்கினாலும் நீந்தும் முன் எஞ்சின் நிற்க வேண்டும், சாவி ஓட்டுநரின் கழுத்தில் இருக்க வேண்டும் என்று வீட்டுச் சட்டம் ஒன்று போட்டோம்.

பதினான்கு வயது மருமகனுக்கு நான் சொன்னது பிடிக்கவில்லை. தானே ஓட்டலாம் என்று நினைத்திருந்தான். கனடாவில் படகோட்டுநர் அட்டை எடுத்தாலும், பதினாறு வயது நிரம்பாதவர் மேற்பார்வை இல்லாமல் 40 குதிரைவலுவுக்கு மேற்பட்ட எஞ்சினை ஓட்ட முடியாது. அந்தப் போட் அதைப்போல நான்கு மடங்குக்கு மேல்.

போட்டின் உடல்நிலை

இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் போட் மோசமில்லை. எஞ்சின் அமுக்கம் நான்கு சிலிண்டரிலும் சமமாக இருந்தது. காற்றை அழுத்தி ஊட்டி வலுவைக் கூட்டும் சூப்பர்சார்ஜர் இல்லாத எஞ்சின் என்பதும் நல்லது. அது பூட்டிய பழைய எஞ்சின்களில் குறித்த மணித்தியாலத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றிப் புதுப்பிக்க வேண்டியிருக்கும், பலர் செய்வதில்லை. இம்பெல்லர் விளிம்பில் சிறு நெளிவுகள், வளையத்தில் தேய்மானம். இரண்டும் மாற்றக்கூடியவை. குளிர்காலத்துக்கு மூடிவைப்பதும் ஜெட்டில் இலகு. கியர் எண்ணெய் மாற்றும் வேலையும் ரப்பர் உறைகளைச் சோதிக்கும் வேலையும் இல்லை. உள்ளிருக்கும் நீரை வெளியேற்றி, எஞ்சினுக்குப் பாதுகாப்பெண்ணெய் அடித்தால் பெரும்பகுதி முடிந்தது.

வெறும் போட்டே ஏறத்தாழ ஒரு தொன். ட்ரெயிலரும் பெற்றோலும் சேர்த்தால் மச்சானின் வான் இழுக்க அனுமதித்த எடையைத் தாண்டியது. அதாவது குடாவில் வைத்திருக்க முடியாவிட்டால் தினமும் ஆழமான பக்கத்துக்கு இழுத்துப்போகலாம் என்ற மாற்றுவழியும் அடைபட்டது.

முடிவு

அன்றிரவு கொப்பியைத் திரும்ப விரித்தோம். ரியூப், நீச்சல் இரண்டுக்கும் ஜெட் முதலிடம். மெதுவோட்டம், தூண்டில், டொக், பூண்டு நான்கிலும் கடைசி. மச்சான் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு தானே சொன்னார், "ஓகஸ்ட் மாதம் முழுக்க டொக்கில கட்டிவைச்சுப் பார்த்துக்கொண்டிருக்கவோ வாங்கிறது?"

வாங்கவில்லை. செப்ரெம்பரில், விலை இறங்கும் காலத்தில், 20 அடிப் போட் ஒன்று பார்த்தோம். நான்கு வீச்சு வெளியிணைப்பு எஞ்சின், 115 குதிரைவலு. எஞ்சினைச் சாய்த்து உயர்த்தினால் ஆழம் குறைந்த டொக்கிலும் நிற்கும். மெதுவாக நேரே போகும். விசிறிக்கு வெளியே கூடு ஒன்று பூட்டியிருக்கிறேன். அது வேகத்தைக் கொஞ்சம் தின்கிறது, தங்கை நிம்மதியாக இருக்கிறாள். பிள்ளைகளுக்கு ஏமாற்றம்தான். அவர்களுக்காக வருடம் இரண்டு வார இறுதி, ஆழமான பக்கத்தில் ஜெட் போட் வாடகைக்கு எடுப்பதென்று வாக்குக் கொடுத்திருக்கிறோம்.

இதைப் படித்து ஜெட் போட்டே ஆகாது என்று எவரும் நினைத்துவிடக் கூடாது. என்னோடு கராஜில் வேலை செய்பவர் மஸ்கோகாவில் ஓர் ஏரிக்கரையில் இருக்கிறார். டொக்கடியிலேயே மூன்று மீற்றர் ஆழம், கண்ணாடி போன்ற தண்ணீர், பூண்டு இல்லை, வீட்டில் மூன்று பதின்ம வயதினர், தூண்டில் பிடிப்பவர் ஒருவருமில்லை. இதே அளவு ஜெட் போட்டை ஐந்து வருடமாக வைத்திருக்கிறார். அவருக்கு வேறு போட்டை நான் சொல்லவே மாட்டேன். அவரை எச்சரித்தது ஒன்றைப் பற்றித்தான். அங்கே அடித்தளம் பாறை. விசிறி இல்லாவிட்டாலும் படகின் அடி கண்ணாடியிழைதான். பாறை அதைக் கிழித்துவிடும்.

ஐயாவின் குழாய் இப்போதும் டொக்கின் தூணில் கட்டியிருக்கிறது. பக்கத்து வளவுக்காரர் போன மாதம் வந்து அதை இரவல் கேட்டார். அவருடைய ஜெட் போட்டின் வளையம் இந்த வருடம் இரண்டாவது தடவை தேய்ந்திருக்கிறது. தன் டொக்கை இன்னும் எத்தனை அடி வெளியே நீட்டினால் தொண்ணூறு சென்ரிமீற்றர் கிடைக்கும் என்று அளக்கப் போகிறாராம். ஐயாவும் கூடப் போனார், கலண்டரையும் எடுத்துக்கொண்டு.